அடைப்பு வீட்டில் ஒட்டிய சம்மன்

துரைராசு அவிட்டத்தில் செத்தார். ஆறு மாதம் அடைப்பு என்றார் பஞ்சாங்கம் பார்த்தவர்.

அவிட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அந்த ஊரில் பிணத்தைத் தலைவாசல் வழியாக எடுப்பதில்லை. சமையல்கட்டின் மேலண்டைச் சுவரை ஆள் நுழையும் அளவுக்கு இடித்தார்கள். அந்தப் பொத்தல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் கொத்தனார் புதுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். போனவருக்குத் திரும்பும் வழி தெரியக் கூடாது.

காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டி, வாசலில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். அடைப்பு முடியும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது. சாயங்காலம் கதவோரத்து மாடத்தில் விளக்கு மட்டும் எரிய வேண்டும். அந்த வாசலில் நின்று கதவைத் தட்டக் கூடாது. செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பதில் வரும் என்பது ஊர்ப் பேச்சு.

பூட்டியது அவர் மனைவி பிரகதாம்பாள். வேறு யாராவது பூட்டியிருக்கலாம். சாவி அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

துரைராசுவுக்கு மூடின கதவு ஆகாது. சின்ன வயதில் நெல் கொட்டும் பத்தாயத்துக்குள் ஒளிந்து விளையாடி, மூடி விழுந்து, ஒரு பகல் முழுக்க உள்ளே கிடந்தவர். மழையோ பனியோ, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் படுப்பார்.

"திருடன் வந்தா?" என்று கேட்டால், "வரட்டுமே. உரக்கடை பாக்கிய அவன் தலையில கட்டிடலாம்," என்பார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நினைவு தப்பிய பிறகும் அவர் கை கதவுப் பக்கமே நீண்டுகொண்டிருந்தது. அந்தக் கதவைத்தான் அவள் பூட்டினாள். சாவி திரும்பும்போது உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோனது போல இருந்தது. திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

தம்பி பரணிதரன் அவளைத் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். விளக்கேற்ற அடுத்த தெரு மலர்க்கொடி ஒப்புக்கொண்டாள். நடவு, களையெடுப்பு எல்லாவற்றிலும் பிரகதாம்பாளோடு வயலில் நின்றவள்.

"நீ போக்கா. அண்ணன் என்னை ஒண்ணும் பண்ண மாட்டாரு. பண்ணுனா எனக்குத் தர வேண்டிய கூலியக் கேட்டுருவேன்."

வைகாசியில் அடைப்பு முடிந்து திரும்பி வந்தார்கள். பூட்டைத் திறந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே கீழ்த்தாழ்ப்பாள் தரைக்குழியில் இறங்கியிருந்தது. பரணிதரன் கூரையேறி, ஓட்டைப் பிரித்து உள்ளே குதித்தான்.

"தானா விழுந்திருக்கும்க்கா," என்றான் கதவைத் திறந்தபடி. முகம் வெளுத்திருந்தது. "பழைய தாழ்ப்பாள் பாரு. லொடலொடன்னு ஆடுது."

கதவின் வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்பி, விளக்குப் புகை ஏறி, ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஓரத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

"அய்யரு ஒட்டுன யந்திரம்தானேக்கா? தெனம் விளக்க ஏத்திட்டு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்," என்றாள் மலர்க்கொடி.

தம்பிதான் ஐயரிடம் சொல்லி ஒட்டச் சொல்லியிருக்கிறான் என்று பிரகதாம்பாள் நினைத்தாள். அக்காள் ஏற்பாடு என்று தம்பி நினைத்தான். அடைப்பு வீட்டு வாசலில் இருந்ததையெல்லாம் ஆற்றில் விட்டுவிட வேண்டும். முள், அகல், அந்தத் தாள். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிய கலங்கல் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு வந்தார்கள்.

பரணிதரன் கூடவே வந்துவிடச் சொன்னான். அவள் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சமையல்கட்டில் இருந்தபோது வாசல் பக்கம் 'டக்' என்றது. கீழ்த்தாழ்ப்பாள் விழுந்திருந்தது. மறுநாளும் விழுந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு விழும். காலையில் அவள் தூக்கி மாட்டுவாள். மேலண்டைச் சுவரில் பூச்சுப் பூசாத புதுச் செங்கல் பக்கம் சில நாள் இருமல் கேட்டது. கயிற்றுக்கட்டில் முனகியது. பயமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உலையில் அரிசி போடும்போது கை தானாக இன்னொரு பிடி அள்ளியது.

யாரிடமும் சொல்லவில்லை. சுவரை இடித்து அனுப்பிய வழியில் அவர் போகவே இல்லை. ஆறு மாதம் பூட்டின வீட்டுக்குள் இருந்திருக்கிறார். மூடி விழுந்த பத்தாயத்துக்குள் கிடந்தது போல. அதை யாரிடம் சொல்வது?

*

ஆவணியில் ஒரு நாள் வயல் பக்கம் தமுக்குச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கோர்ட் ஆள் வரப்பில் நின்று எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். மூன்று மா நிலம், ஒரு ஏக்கர். உரக்கடை நெடுமாறன் புரோநோட்டின் பேரில் போட்ட கேஸில் தீர்ப்பாகி, நிலம் ஜப்தியாகிறது, அடுத்தது ஏலம். நிலம் பிரகதாம்பாள் பேரில் இருந்ததால் கையெழுத்தும் அவளுடையது. உரம் வாங்கியது துரைராசு. அவளுக்குச் சோறு போடுவது அந்த மூன்று மாதான். வேறு எதுவும் இல்லை.

பரணிதரன் அவளை வக்கீல் எழில்மொழியிடம் அழைத்துப் போனான். துரைராசு வயலில் நாற்றுப் பறித்த இராஜாங்கத்தின் மகள். பள்ளிக்கூடம் போகும் வழியில் பிரகதாம்பாள் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்த பெண். 'வா' என்பதா, 'வாங்க' என்பதா என்று பிரகதாம்பாள் தயங்குவதற்குள், "உட்காருங்கம்மா," என்றாள் எழில்மொழி.

"சம்மன் வந்துச்சா?"

"வரலீங்க."

"வந்துச்சுன்னு ரெக்கார்டுல இருக்கு. மாசி மாசம் கதவுல ஒட்டியிருக்காங்க."

பிரகதாம்பாளுக்கு மஞ்சள் அப்பிய தாள் ஞாபகம் வந்தது. சொன்னாள். எழில்மொழி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சம்மனுக்குப் பொட்டு வெச்சு ஆத்துல விட்ட ஆளு இந்த ஜில்லாவுல நீங்க ஒருத்தர்தாம்மா."

"தப்புங்களா?"

"அது தப்பில்ல. நீங்க அதப் பாக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பு ஆயிருச்சு. நீங்க வராமலே ஒருதலையா ஆன தீர்ப்பு. ஒட்டுனது செல்லாதுன்னு ஆக்கிட்டா அந்தத் தீர்ப்பும் போயிரும். அப்புறம் உங்க பக்கத்தச் சொல்லிக் கேஸ மொதல்லேருந்து நடத்தலாம்." ஒரு நகலை எடுத்துப் படித்தாள். "சம்மன் கொண்டாந்த கோர்ட் அமீனாவோட ரிப்போர்ட். 'வீட்டினுள் இருந்த ஆண் நபர் ஒருவர் பிரதிவாதி இல்லை என்று கூறி, கதவைத் திறக்க மறுத்தபடியால், வெளிக்கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது.' மாசி மாசம் உங்க வீட்ல எந்த ஆண் நபர்?"

பிரகதாம்பாள் தம்பியைப் பார்த்தாள்.

"அது அடைப்பு வீடுங்க," என்றான் பரணிதரன். "ஈ காக்கா கிடையாது."

"அதத்தான் சொல்றேன். அமீனா உக்காந்த எடத்துல எழுதுன ரிப்போர்ட். அம்மா கூண்டுல ஏறி ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். வீட்டுக்குள்ள யாரும் இல்ல. அவ்வளவுதான்."

"அத நான்தான் சொல்லணுமா?"

"உங்க வீடும்மா. வேற யாரு சொல்றது?"

"வேற மாதிரி சொல்ல முடியாதா? நான் ஊர்ல இல்லன்னு..."

எழில்மொழி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, யாராவது இருந்தாங்களா?"

"இல்ல."

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தாழ்ப்பாள் விழுந்தது. பிரகதாம்பாள் மாடத்தின் முன் நின்று மெதுவாகச் சொன்னாள்: "கோர்ட்டுல எதாச்சும் சொல்லச் சொல்வாங்க. அத மனசுல வெச்சுக்காதீங்க."

*

விசாரணை பங்குனியில் வந்தது. அமீனாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்ததால் அவரை முதலில் முடித்துவிடலாம் என்றார் நீதிபதி. தியாகராசன் என்று பெயர். நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு. கூண்டில் ஏறும்போது பிரகதாம்பாளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், தெரிந்தவரைப் பார்த்ததுபோல.

"வாசல்ல பூட்டுத் தொங்குச்சா?" எழில்மொழி கேட்டாள்.

"தொங்குச்சுங்க."

"முள்ளு கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"பூட்டு, முள்ளு. அப்புறமும் கதவத் தட்டுனீங்களா?"

"அம்மா, நாங்க பாக்காத பூட்டா? முன்னால பூட்டிட்டுப் பின்னால சோறு தின்னுட்டு இருப்பாங்க. ஒரு வீட்ல எங்களக் கண்டதும் வெளிய நின்ன ஆளே தாலியக் கழட்டி வெச்சுட்டு நான் வேலைக்காரின்னுச்சு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி பார்த்ததும் அடங்கியது.

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"சம்மன்ல இருந்தபடிதான். 'துரைராசு சம்சாரம் பிரகதாம்பாள்'னு. மூணு தடவை. எங்க வழக்கம் அது."

பிரகதாம்பாளின் கை பெஞ்சின் விளிம்பைப் பற்றியது. அந்த வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் மூன்று தடவை.

"உள்ளேருந்து பதில் வந்துச்சுன்னு சொல்றீங்க."

"வந்துச்சுங்க."

"ஆளப் பாத்தீங்களா?"

"கதவு தொறக்கல. பேரு கேட்டேன், சொல்லல. இருமல் சத்தம் கேட்டுச்சு."

"என்ன சொன்னாரு? ரிப்போர்ட்டுல 'இல்லை'ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. அவர் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க." தியாகராசன் கொஞ்சம் யோசித்தார். "'சின்னவ இல்லீங்க. தண்ணி வந்ததும் வாங்க'ன்னாரு."

"தண்ணி வந்ததும் வாங்கன்னு இந்தப் பக்கம் கடன்காரங்ககிட்ட எல்லாரும்தான் சொல்றாங்க," என்றாள் எழில்மொழி, நீதிபதியைப் பார்த்து. "எந்த வீட்டு வாசல்ல கேட்டாரோ."

மறுபடியும் சிரிப்பு. பிரகதாம்பாளுக்கு மட்டும் எதுவும் காதில் விழவில்லை.

துரைராசு பெண் பார்க்க வந்தது அவள் அக்காவை. தட்டில் பலகாரம் கொண்டு வந்து வைத்தது அவள். திரும்பிப் போகும்போது அவர் தன் அப்பாவிடம், "சின்னவ," என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம். கல்யாணமான பிறகும் வீட்டுக்குள் அவளுக்கு அதுதான் பெயர். வெளி ஆள் முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்கா போய்விட்டாள், அப்பா அம்மா போய்விட்டார்கள். தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்குத் தெரியாது. அந்தப் பெயர் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம்.

அமீனா பொய் சொல்லவில்லை. வந்திருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், பதில் வந்திருக்கிறது. பூட்டின வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர் எப்போதும் செய்ததைத்தான் செய்திருக்கிறார். வாசலுக்கு வந்த ஆபத்தை அவளுக்குத் தெரியாமல் தள்ளிப் போட்டிருக்கிறார். மூடின கதவு ஆகாதவர், அவளுக்காகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

அவள் பெயரை அழைத்தார்கள். பரணிதரன் முதுகைத் தொட்டான். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். அவள் சொல்ல வேண்டியதை எழில்மொழி முன்பே மனுவாக எழுதிக் கோர்ட்டில் கொடுத்திருந்தாள். நெடுமாறன் பக்கத்து வக்கீல் எழுந்தார்.

"அடைப்பு, அவிட்டம்லாம் எனக்குத் தெரியாதும்மா. அரசாங்க ஊழியர் ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்றாரு, உள்ளே ஆம்பளைச் சத்தம் கேட்டுச்சுன்னு. அப்போ உங்க வீட்டுக்காரர் செத்து மூணு மாசம். அந்த ஆம்பளை யாரு?"

பிரகதாம்பாள் எழில்மொழியைப் பார்த்தாள்.

"பூட்டின வீட்டுக்குள்ள யார வெச்சிட்டுப் போனீங்க?"

எழில்மொழி சட்டென்று எழுந்தாள். "ஐயா, இதென்ன கேள்வி? புருசனப் பறிகொடுத்தவங்ககிட்ட..."

"ஒழுங்கா கேளுங்க," என்றார் நீதிபதி.

"சரிங்க, ஒழுங்காவே கேக்குறேன். உள்ளே ஒருத்தர் இருந்தாரு. நீங்க எங்கே இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியும். சம்மன் வந்தத உங்களுக்குச் சொல்லியிருப்பாரு. தெரிஞ்சும் நீங்க வரல. உண்மையா இல்லையா?"

தியாகராசன் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

ஆமாம், இருந்தார் என்று சொன்னால் நிலம் போகும். போனாலும் யாரும் நம்பப் போவதில்லை. வேறு ஒருவனைச் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால் நிலம் நிற்கும். ஆனால் சத்தியம் செய்த வாயால் சொல்ல வேண்டும். கதவைப் பூட்டியது ஒரு தடவை. இது இன்னொரு தடவை. இந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி. "வீட்டுக்குள்ள யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க."

"சத்தமா சொல்லுங்க. எழுதிக்கணும்."

"அந்த வீட்டுக்குள்ள யாரும் இல்லீங்க ஐயா."

தட்டச்சு இயந்திரம் அதை அடித்து முடிக்கும்வரை அவள் கூண்டிலேயே நின்றாள்.

*

வைகாசியில் உத்தரவு வந்தது. ஆளில்லாத பூட்டிய வீட்டில் ஆள் பேசியதாகச் சொல்லும் அமீனா அறிக்கை நம்பத்தக்கதல்ல. சம்மன் சார்வு செல்லாது. ஒருதலைத் தீர்ப்பு ரத்து. ஜப்தி போயிற்று. வழக்கை மறுபடியும் முதலிலிருந்து நடத்தலாம். கோர்ட் வாசலில் நெடுமாறனே வந்து, "அறுப்புக்கு அறுப்பு கொஞ்சங் கொஞ்சமா குடுங்கக்கா, பேசி முடிச்சுக்கலாம். எனக்கு மட்டும் கோர்ட்டுக்கு அலையணும்னு வேண்டுதலா?" என்றான். பரணிதரன் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான்.

கூண்டேறிய அன்றே, பங்குனியிலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று வீடு திரும்பி விளக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தாழ்ப்பாள் விழவில்லை. சோற்றை வடித்தாள். சாப்பிட்டாள். படுத்தாள். காலையில் தாழ்ப்பாள் தூக்கி மாட்டியபடியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். கையால் தட்டிப் பார்த்தாள். லொடலொடவென்று ஆடியது, விழவில்லை. புதுச் செங்கல் பக்கம் காதை வைத்தாள். செங்கல் குளிர்ந்திருந்தது. கட்டில் முனகவில்லை. வாசல் கதவைத் திறந்து போட்டே படுத்தாள். தெருநாய் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

உலையில் ஒரு பிடி அதிகமாகவே விழுந்துகொண்டிருந்தது. அதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

ஆனி மாதம் அணை திறந்து தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வாய்க்காலில் இறங்கிய அன்று ஊரே மண்வெட்டியோடு வயலில் நின்றது. பிரகதாம்பாள் மடையைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, தெருவின் எதிர்ப்பக்கம் தியாகராசன் நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு வரவில்லை.

"வாங்க," என்றாள்.

"இருக்கட்டும்மா." அங்கேயே நின்றார். "எந்தப் பேப்பரும் கொண்டாரல. பயப்படாதீங்க."

"மோர் குடிக்கிறீங்களா?"

"வேணாம்." கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "பொய் ரிப்போர்ட்டுன்னு மெமோ குடுத்திருக்காங்க. விசாரணை நடக்குது. அதுக்காக வரல. நீங்க சொன்னதும் தப்புன்னு சொல்ல வரல. பூட்டின வீடு. யாரும் இல்ல. சரிதான். ஆனா நான் கேட்டேம்மா. இந்தக் காதால கேட்டேன். எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், நீ எந்த டீக்கடையில உக்காந்து எழுதுனயோங்கறா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ராத்திரி தூக்கம் இல்ல." அவர் கதவைப் பார்த்தார். "யாரும்மா அது?"

அவள் தெருவைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவரு என்னைச் சின்னவன்னுதான் கூப்பிடுவாரு. வேற யாருக்கும் தெரியாது."

மெல்லத் தியாகராசனின் தோள் இறங்கியது.

"அப்ப நான்..."

"நீங்க பொய் சொல்லல. நான்தான்."

தியாகராசன் மறுபடி கதவைப் பார்த்தார்.

"இப்பவும் இருக்காரா?" என்று அவர் கேட்டார், குரலைத் தணித்து.

"தெரியல." அவள் வாசலுக்குப் போனாள். துரைராசுவுக்கு ஒரு நாளும் மூடப் பிடிக்காத அந்தக் கதவை இழுத்துச் சாத்தினாள். திரும்பி அவரைக் கையசைத்து அழைத்தாள். "அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ, அப்படியே கூப்பிடுங்க."

"அம்மா, வேணாம்."

"தண்ணி வந்தாச்சு. வரச் சொன்னாருல்ல. கூப்பிடுங்க."

தியாகராசன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். கதவைத் தட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட் குரலில் கூப்பிட்டார்.

"துரைராசு சம்சாரம் பிரகதாம்பாள்!"

இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

"துரைராசு சம்சாரம் பிரகதாம்பாள்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. வயல் பக்கம் யாரோ மடைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"துரைராசு சம்சாரம் பிரகதாம்பாள்!"

பிரகதாம்பாள் கதவில் காதை வைத்தாள். வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் மரத்தின் வழியாகக் கேட்டது.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க," என்றாள்.

தியாகராசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு தடவைதாம்மா. அதுக்கு மேல கூப்பிடுற வழக்கம் இல்ல."